கை வலியா? எந்த விரல் என்று பாருங்கள்

"கை வலிக்குது டாக்டர்" என்று மொத்தமாகச் சொன்னால் போதாது. எந்த விரல், எந்த நேரம் என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய், நடுராத்திரியில் எழுந்து கையை உதறினால் சரியாகிறதா? மணிக்கட்டில் நரம்பு அழுந்தும் கார்பல் டனல் ஆக இருக்கலாம். இரண்டு புறங்கைகளையும் ஒட்டி, விரல்கள் தரையைப் பார்க்க, மணிக்கட்டை மடக்கி 60 விநாடி வைத்துப் பாருங்கள். அதற்குள் மதமதப்பு வந்தால் சந்தேகம் வலுக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கும், தைராய்டு குறைந்தவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் இது அதிகம் வரும்.

சுண்டுவிரல் பக்கம் மரத்தால் முழங்கையைக் கவனியுங்கள். போனைக் காதில் வைத்து மணிக்கணக்கில் பேசினால், மடங்கிய முழங்கையில் நரம்பு இழுபடும்.

துணி பிழியும்போது முழங்கையின் வெளிப்பக்க மேட்டில் சுரீர் என்கிறதா? டென்னிஸ் எல்போ. அதற்கு மட்டையைத் தொட்டிருக்கவே வேண்டாம்!

கை ஊன்றி விழுந்தீர்களா? கட்டைவிரலைத் தூக்கினால் அதன் அடியில், புறங்கைப் பக்கம் ஒரு குழி தெரியும். அங்கே அழுத்தும்போது வலித்தால், முதல் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் விடாதீர்கள். அங்குள்ள சிறு எலும்பின் விரிசல் எக்ஸ்ரேயில் தெரியவே சில சமயம் 10 நாளுக்கு மேல் ஆகும். அதுவரை எண்ணெய் போட்டு நீவுவது மட்டும் வேண்டாம்.