வாடை வரும் வழி

அன்புள்ள பாப்பா,

தாத்தாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டை நீ திரும்ப ரோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாய் என்று படித்ததும் அந்தக் கடிதத்தை உன் பெரியம்மாவிடம் இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். கடைசி வரிதான் உறுத்தியது. உள்ளே பெட்ரோல் வாடை அடிக்கிறது, மெக்கானிக் அண்ணன் ‘பழைய வண்டின்னா அப்படித்தான்’ என்கிறார் என்று எழுதியிருக்கிறாய்.

அப்படி இல்லை, பாப்பா. 1961-லிருந்து வண்டலூரில் செய்த வண்டி அது. புதிதாக வந்தபோது இல்லாத வாடை இப்போது வருகிறதென்றால் எங்கோ ஒரு ரப்பர் வெடித்திருக்கிறது, ஒரு பேக்கிங் காய்ந்திருக்கிறது, அல்லது தகரம் அரித்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும்வரை வண்டியை மூடிய ஷெட்டில் விடாதே. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே பறந்து போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு சேர்ந்தாலே ஒரு சின்னப் பொறி போதும்.

தேடுவதற்கு முன் ஒன்று தெரிந்துகொள். வாடை எங்கே அடிக்கிறதோ அங்கேதான் கசிகிறது என்று மூக்கு சொல்லும், நம்பாதே. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே வண்டியில் டாஷ்போர்டு பக்கம் வாடை அடித்தது. கசிவு எஞ்சினில்தான் என்று முடிவு கட்டி கார்ப்பரேட்டரைக் கழற்றினேன், பெட்ரோல் ஓஸ் மாற்றினேன், பம்ப்பைப் பிரித்துப் பூட்டினேன். இரண்டு வாரம் போனது. கசிந்தது டிக்கியில். வண்டி ஓடும்போது பின்னால் காற்றழுத்தம் குறையும். அங்கே சுழலும் காற்று டிக்கி ரப்பரின் இடுக்கு வழியாக உள்ளே நுழைந்து, ஆவியையும் தள்ளிக்கொண்டு முன்சீட்டுவரை வந்துவிடும். கண்ணாடியை இறக்கினால் வாடை குறைவதற்குப் பதில் கூடுவதும் இதனால்தான். இன்னொன்று, பத்து நிமிடம் உள்ளே உட்கார்ந்திருந்தால் மூக்கு பழகிவிடும், வாடை போய்விட்டதாகத் தோன்றும். வெளியே நின்றிருந்த ஒருவரைக் கூப்பிட்டு முகரச் சொல்.

ஆகவே எங்கே என்பதை விட்டுவிட்டு, எப்போது என்று முதலில் குறித்துக்கொள். ஒரு வாரம் சின்ன நோட்டுப் புத்தகம் ஒன்றை வண்டியிலேயே வை. டேங்க் நிரப்பிய அன்று மட்டும் அடிக்கிறதா? வளைவில் திரும்பும்போதா? ஓடி நின்ற பிறகு பத்து நிமிடம் கழித்தா? காலையில் கதவைத் திறந்த உடனேயா?

நிரப்பிய அன்றும் வளைவிலும் என்றால் டேங்க்கின் மேல்பாகம்தான். ஹெரால்டின் டேங்க் வண்டிக்கு அடியில் தொங்குவதில்லை, டிக்கிக்குள்ளேயே ஒரு பக்கமாக நிற்கிறது. அதற்கும் பின்சீட்டுக்கும் நடுவே இருப்பது வெறும் அட்டைத் தடுப்பு. அதனால் அங்கே ஒரு சொட்டு கசிந்தாலும் வண்டிக்குள் கசிந்த மாதிரிதான். டேங்க் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வண்டியைத் திருப்பினால் பெட்ரோல் வெளிப்பக்கமாக ஏறி, நிரப்பும் கழுத்தில் வந்து மோதும். மூடியின் வாஷர், கழுத்தின் ரப்பர், அதன் கிளிப்புகள், காற்று போகும் சிறு குழாய் எல்லாவற்றையும் விரலால் வளைத்துப் பார். ரப்பர் வெளியே பளபளவென்று இருக்கும், வளைத்தால் உள்பக்கம் வெடிப்பு வாய் திறக்கும். சில ஹெரால்டுகளில் டேங்க்கின் மேலேயே ரிசர்வ் லீவர் ஒன்று உண்டு; அதைத் திருப்பினால்தான் அடியில் மிச்சம் வைத்த பெட்ரோல் வரும். அதன் சீலையும் பார். கடைசியாக, மீட்டருக்குக் கணக்குச் சொல்லும் டேங்க் யூனிட். என்னை இரண்டு வாரம் அலையவிட்டது அதன் அடியில் இருந்த கார்க் பேக்கிங்தான். பாதி டேங்க்கில் வாடையே இருக்காது, நிரப்பினால் மட்டும் வரும்.

சந்தேகம் உள்ள இடத்தைத் துடைத்துக் காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லத் தூவு. நிரப்பிவிட்டு ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவா. கசியும் இடத்தில் பவுடர் நனைந்து கோடு போட்டிருக்கும். நெடுநாள் கசிவானால் பவுடரே வேண்டாம், பெட்ரோல் காய்ந்த பழுப்புக் கறை காட்டிக்கொடுத்துவிடும்.

காலையில் கதவைத் திறந்ததும் அடித்தால் டேங்க்கின் அடிப்பாகத்தையும், அங்கிருந்து முன்னால் போகும் குழாயையும் பார்.

ஓடி நின்ற பிறகு என்றால் முன்பக்கம். சூடான எஞ்சின் கார்ப்பரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோலைக் கொதிக்கவைக்கும். பானெட்டைத் தூக்கினால் லேசாக வாடை வருவது சகஜம், அதற்குப் பயப்படாதே. உள்ளே வந்தால்தான் கோளாறு. ஹெரால்டில் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கம் முழுவதும் முன்னால் கவிழ்வதால் எல்லாம் கைக்கு எட்டும். நீடில் வால்வு சரியாக அடைக்கவில்லையா, மிதவைக்குள் பெட்ரோல் புகுந்திருக்கிறதா (காதருகே குலுக்கினால் சலசலக்கும்) என்று பார். டிப் ஸ்டிக்கை உருவி முகர்ந்துபார். ஆயில் அளவு கூடி, பெட்ரோல் வாடையும் அடித்தால் பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்து ஆயிலில் கலக்கிறது. அதன் பிறகு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதே. சோக் கேபிளும் வயர்களும் உள்ளே நுழையும் ஓட்டைகளில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால் புதிதாகப் போடு. ஆனால் அது கசிவுக்கு மருந்து ஆகாது, வழியைத்தான் அடைக்கும்.

இத்தனை வருஷம் தாங்கிய ரப்பர் இப்போது ஏன் போகிறது என்று கேட்பாய். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து ரப்பர் அதைத் தாங்குவதற்காகச் செய்ததல்ல. ஊறி உப்பும், காய்ந்தால் வெடிக்கும். ஓஸ் வாங்கும்போது மேலே எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்கு. சாதாரண ஓஸ் மலிவு என்று கடைக்காரர் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்.

கை வைக்கும் முன் பேட்டரி வயரைக் கழற்று. வேலையைத் திறந்த வெளியில் செய். ஊதுவத்திப் புகையைக் காட்டிக் காற்று வரும் இடுக்கைத் தேடச் சொல்வார்கள். நெருப்பு வேண்டாம், ஒரு கம்பளி நூலைப் பிடித்துப் பார்த்தால் போதும். டேங்க்கில் சோப்பைத் தேய்த்து ஓட்டையை அடைப்பது வீடு வந்து சேர்வதற்கு மட்டும். டேங்க் அரித்திருந்தால் பற்றவைக்கும் கடைக்குப் போக வேண்டிவரும். காலி டேங்க்தானே என்று யாரும் நெருப்பைக் கிட்டே கொண்டுபோக விடாதே. நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க் ஆபத்து, உள்ளே முழுக்க ஆவி. நன்றாகக் கழுவி, ஆவி போக்கிய பிறகுதான் கை வைக்கலாம்.

என் கணிப்பு இப்போதும் டேங்க் யூனிட்தான். பெட்ரோலைக் குறைத்துவிட்டுத் திருகுகளைக் கழற்று. பழைய பேக்கிங் துண்டு துண்டாக வந்தாலும் எறியாதே. ஒரு வெள்ளைத் தாளில் சேர்த்து வைத்து, திருகு ஓட்டைகளோடு பென்சிலால் வரைந்து தபாலில் அனுப்பு. என்னிடம் நைட்ரைல் ரப்பர் ஷீட் இருக்கிறது, வெட்டி அனுப்புகிறேன். அதுவரை வண்டி வேப்ப மரத்தடியிலேயே நிற்கட்டும்.

அன்புடன்,
பெரியப்பா