டேப்பட் கவரில் கசியும் எண்ணெய்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பழைய கார்களைப் பேணுவோரிடையே வழங்கிவரும் அபிப்பிராயங்களுள் அநுபவத்தில் பிறந்தவை சில. ஒருவர் சொல்ல மற்றவர் ஆராயாமல் ஏற்றவையோ பல. 1951-இல் ஆஸ்டின் ஏ30 காருடன் அறிமுகமாகி, பின்னர் மாரிஸ் மைனரிலும் மினியிலும் இடம்பெற்ற ஏ-சீரிஸ் எஞ்சினிலும், அம்பாசிடரில் நெடுங்காலம் உழைத்த 1489 சி.சி. பி-சீரிஸ் எஞ்சினிலும், வால்வுகளை இயக்கும் ராக்கர்களின்மேல் தகட்டு மூடியொன்று கவிந்து, கார்க் பேக்கிங்கின்மேல் அமர்ந்து, இரண்டே நட்டுகளால் பிடிக்கப்பட்டிருக்கிறது. மெக்கானிக்குகள் டேப்பட் கவர் என்றழைக்கும் இம்மூடியைப் பற்றிய நான்கு நம்பிக்கைகளை இங்கே பரிசீலிப்போம்.

நம்பிக்கை: பழைய எஞ்சினில் எண்ணெய் கசிவது சுபாவம்.

உண்மை: ராக்கர்களுக்கு எண்ணெய் அழுத்தத்துடன் வந்தபோதிலும், மூடியின் ஓரத்தை அடைவது அங்கிருந்து தெறித்து வழிந்து தானாகக் கீழிறங்கும் எண்ணெயே. அதைத் தடுக்கப் பெரும் பலம் எதுவும் வேண்டியதில்லையாதலால், பழியை வண்டியின் வயதின்மேல் போடுவது நியாயமாகாது.

நம்பிக்கை: கசிந்தால் நட்டை இன்னும் இறுக்கவேண்டும்.

உண்மை: பெரும்பாலான கசிவுகளுக்கு மூலகாரணம் இதுவே. ஏ-சீரிஸ் எஞ்சினில் இந்நட்டுகளுக்கு விதிக்கப்பட்ட இறுக்கம் ஏறத்தாழ 4 பவுண்டு-அடி மாத்திரமே. சிறு ஸ்பானரை மிதமாகத் திருப்பினாலே அது கிடைத்துவிடும். அதற்குமேல் பலாத்காரம் செய்தால், மெல்லிய தகடு வளைந்து, கார்க் நசுங்கி வெளியே பிதுங்கி, நட்டின் கீழுள்ள ரப்பர் புஷ்ஷும் வெடித்து, எண்ணெய்க்குப் புதுப்புது வழிகள் திறந்துவிடும். மூடியைக் கழற்றித் துடைத்து, தடித்த கண்ணாடிமேல் கவிழ்த்து, உட்புறம் சிறு விளக்கொன்றை வைத்துச் சுற்றிலும் நோக்கினால், எங்கே ஒளி கசிகிறதோ அங்கேதான் எண்ணெயும் கசிந்தது என்பது புலனாகும். அவ்விடத்தை மரக்கட்டையில் தாங்கி மெல்லத் தட்டி நேராக்குவதே பரிகாரம்.

நம்பிக்கை: சிலிக்கான் பசையைத் தாராளமாகப் பூசினால் கவலையில்லை.

உண்மை: உட்புறம் பிதுங்கிய பசை உதிர்ந்து எண்ணெயோடு கலந்து, பம்பின் சல்லடையை அடைக்கக்கூடும். டேப்பட் இடைவெளி பார்க்கும்போதெல்லாம் மூடியைத் திறக்கவேண்டியிருப்பதால், பேக்கிங்கை மூடியின் பக்கம் மட்டும் ஒட்டிக் காயவிட்டு, சிலிண்டர் ஹெட்டைத் தொடும் பக்கத்தில் சிறிது கிரீஸ் தடவுவதே உசிதம். அப்படிச் செய்தால் பேக்கிங் கிழியாமல் மூடி எளிதில் எழும்பும்.

நம்பிக்கை: புதிய பேக்கிங் போட்டும் கசிந்தால் பேக்கிங் மட்டமானது.

உண்மை: பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழிறங்கும் வாயு, எஞ்சினுக்குள் தேங்காமல் வெளியேறவேண்டும், மூடியிலிருந்து ஏர் ஃபில்டருக்குச் செல்லும் பிரீதர் குழாய் அதற்காகவே அமைந்தது. அக்குழாய் கசடால் அடைபட்டால், உள்ளே ஏறும் அழுத்தம் எண்ணெயை எந்தப் பேக்கிங்கையும் தாண்டித் தள்ளிவிடும். குழாயைச் சுத்தம் செய்தபின்னும் அதிலிருந்து புகை பலமாக வருமாயின், ரிங்குகளின் தேய்மானத்தைச் சோதிப்பது அவசியம்.

இவ்வெஞ்சின்களில் கசியும் எண்ணெய், பக்கத்திலேயே கொதிக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சொட்டிப் புகையும், சில சமயம் தீயும் பிடிக்கும். ஆகையால் இதை அற்ப விஷயமென்று அலட்சியம் செய்யலாகாது. அடுத்த முறை கசிவைக் காணும் அன்பர்கள், நட்டில் கைவைக்குமுன் பிரீதர் குழாயையும் மூடியின் ஓரத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டுகிறேன்.