நால்வர் ஓரணி

ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களின் திடல்களில் சிறுவர்கள் சடுகுடு ஆடும்போது ஒரு காட்சியைக் காணலாம். எதிரணியிலிருந்து பாடி வருபவனின் காலைப் பற்றி வீழ்த்தியவனைச் சூழ்ந்துகொண்டு அனைவரும் ஆரவாரம் செய்வர். அவன் பற்றுவதற்கு ஒரு கணம் முன்னதாக, பாடி வந்தவன் திரும்பியோடும் வழியை அடைத்து நின்ற மற்றொருவனை எவரும் நோக்குவதில்லை. அவன் வழியை அடைக்கவில்லையெனின், பிடித்தவனுக்குப் பிடி கிடைத்திராது.

குழுவாக ஆடும் ஆட்டங்கள் அனைத்திற்கும் பொதுவான இவ்வுண்மை, குதிரைமீது அமர்ந்து ஆடும் போலோ ஆட்டத்தில் மிகத் தெளிவாகப் புலப்படும். பந்தைப் பெரிதும் அடிக்காமலே ஒருவன் தன் அணிக்கு வெற்றி தேடித்தரக்கூடிய ஆட்டம் அது. 1899-ஆம் ஆண்டில் தென்னாட்டிலிருந்து வடக்கே மீரட் நகருக்குச் சென்ற ஓர் அணியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அவ்வரலாற்றை அறியுமுன் ஆட்டத்தின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

குதிரையேறிப் பந்தாடும் வழக்கம் பழங்காலத்திலேயே பாரசீகம் முதலிய ஆசிய நாடுகளில் இருந்தது. தமிழ் அகராதிகளும் குதிரையைப் பயிற்றும் வெளிக்கு 'வையாளி வீதி' என்றும் 'செண்டு வெளி' என்றும் பெயர் கூறுகின்றன. எனினும், உலகம் இன்று ஆடும் போலோ ஆட்டம் பிறந்தது நம் நாட்டின் கிழக்கெல்லையிலுள்ள மணிப்பூரிலாகும். அங்கு அதற்குச் 'சகோல் காங்ஜை' என்று பெயர். அணிக்கு எழுவராக, உயரம் குறைந்த மணிப்பூர்க் குதிரைகளின்மீது அமர்ந்து, மூங்கில் வேரால் செய்த பந்தை அடித்து ஆடுவர். இம்பால் நகரிலுள்ள மாபல் காங்ஜைபுங் என்னும் திடல் இவ்வாட்டத்தின் மிகத் தொன்மையான திடல்களுள் ஒன்று. மணிப்பூர் மக்கள் ஆடக் கண்ட ஆங்கிலேய அதிகாரிகள் அதனைத் தாமும் கற்று, 1859-இல் சில்சார் என்னும் ஊரில் ஒரு கழகம் நிறுவினர். 1862-இல் கல்கத்தாவில் ஒரு கழகம் தோன்றியது. அடுத்த பத்தாண்டுகளுக்குள் ஆட்டம் கடல் கடந்து இங்கிலாந்தை அடைந்தது.

இக்காலப் போலோத் திடல் 300 கஜ நீளமும், 200 கஜம் வரை அகலமும் உடையது. பரப்பில் பன்னிரண்டு ஏக்கருக்கு மேற்படும். இரு கோடியிலும் 8 கஜ இடைவெளியில் இரு கம்பங்கள் நாட்டப்பட்டிருக்கும். நீண்ட பிரம்புக் காம்புடைய மட்டையால் பந்தை அடித்து அக்கம்பங்களின் இடையே செலுத்துவதே கோல் ஆகும். ஆட்டம் 'சக்கர்' என்னும் பகுதிகளாகப் பிரிக்கப்படும். ஒரு சக்கர் ஏறத்தாழ ஏழு நிமிடமே. அதற்குள் குதிரை களைத்துவிடும் ஆதலின், ஆட்டக்காரர் அடுத்த சக்கருக்கு வேறு குதிரை ஏறுவர். ஆகவே நால்வர் ஆட வேண்டுமெனின் பல குதிரைகள் ஆயத்தமாக நிற்றல் வேண்டும்.

அணிக்கு நால்வர், நால்வருக்கும் எண் உண்டு. முதல் எண்ணுடையவர் எதிரியின் கோலை நோக்கி முன்னே நிற்பவர். இரண்டாமவர் அவருக்குத் துணையாகப் பாய்ந்து பந்தைத் தேடுபவர். மூன்றாமவர் தாக்குதலையும் காத்தலையும் இணைப்பவர். நான்காமவர் பின்னின்று தம் கோலைக் காப்பவர். முரட்டு ஆட்டமாகத் தோன்றினும், இதற்குக் கடுமையான நெறிகள் உண்டு. பந்து செல்லும் கோட்டின் வழியே பின்தொடர்ந்து வருபவருக்கே வழியுரிமை உண்டு. அவர் பாதையைக் குறுக்கே வெட்டிச் செல்லுதல் பெருங்குற்றம். விரைந்தோடும் இரு குதிரைகள் குறுக்கே மோதினால் உயிருக்கே கேடு நேரும் அன்றோ! ஆனால், பக்கவாட்டில் இணைந்து ஓடி, குதிரையின் தோளோடு தோள் உரசி, எதிரியைப் பந்தின் கோட்டிலிருந்து விலக்குதல் முறையானதே. முதல் எண்ணுடையவரின் தலையாய பணி இதுவே. எதிரணியின் காவலரை அவர் ஓயாது நெருக்கி விலக்கிக்கொண்டிருந்தால், பின்னே வரும் தோழர்களுக்குக் கோல்வாயில் திறக்கும்.

இனி, மீரட் சென்ற அணியின் வரலாற்றைக் காண்போம்.

1896-ஆம் ஆண்டில் நான்காம் ஹூஸார் என்னும் ஆங்கிலேயக் குதிரைப்படை பம்பாயில் வந்திறங்கிப் பெங்களூரில் பாளையமிட்டது. அப்படையின் இளம் அதிகாரிகளுக்கு ஓர் ஆசை இருந்தது. படைப்பிரிவுகளுக்கிடையே ஆண்டுதோறும் நடைபெறும் போலோப் போட்டியில் வெற்றிக் கோப்பையைப் பெற வேண்டும் என்பதே அது. தென்னாட்டில் தங்கிய குதிரைப்படை எதுவும் அதுவரை அக்கோப்பையை வென்றதில்லை. புதிதாக வந்த படை தக்க குதிரைகளைத் தேடிப் பழக்குவதற்கே ஆண்டுகள் பல கழியும். இதனை உணர்ந்த அவ்வதிகாரிகள், பூனாவிலிருந்த ஒரு படைப்பிரிவின் நன்கு பழகிய 25 குதிரைகளை ஒருங்கே விலைக்கு வாங்கினர். நாள்தோறும் மாலையில் தவறாது பயின்றனர். கரையிறங்கி இரு திங்கள் நிரம்புமுன்பே ஐதராபாத்தில் நடந்த ஒரு போட்டியில் நிசாமின் புகழ்பெற்ற கோல்கொண்டா அணியை வென்று காண்போரை வியப்பில் ஆழ்த்தினர். ஆயினும் அவர்கள் குறிக்கோள் அதுவன்று. அதற்காக மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தனர்.

அவ்வணியின் முதல் எண்ணுடையவர் வின்ஸ்டன் சர்ச்சில். பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரதமராய் இரண்டாம் உலகப் போரை நடத்தியவரும், இந்திய விடுதலையை எதிர்த்தவரும் அவரே. அவருடைய அரசியலை நம்மவர் ஏற்றதில்லை. எனினும் அவ்வணி காட்டிய ஒழுங்கு எவரும் அறிந்துகொள்ளத் தக்கது. அவருக்கு ஒரு குறை இருந்தது. 1896-இல் பம்பாய்த் துறையில் படகிலிருந்து கரையேற முயன்றபோது, படிக்கருகே இருந்த இரும்பு வளையத்தை அவர் கை பற்றியிருக்கையில் அலை படகைக் கீழே இழுத்தது. வலத்தோள் நெகிழ்ந்தது. அன்று முதல் அத்தோள் எந்நேரமும் பிசகக்கூடியதாயிற்று. மட்டை பிடிக்கும் கையும் அதுவே.

1899-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அணியினர் புறப்பட்டனர். சுமார் முப்பது குதிரைகளும் அவற்றைப் பேணும் குதிரைக்காரர்களும் உடன் சென்றனர். பெங்களூரிலிருந்து மீரட் ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட தொலைவு. வழியில் ஜோத்பூரில் சில நாள் தங்கினர். அங்கு அவர்களை வரவேற்றவர் பிரதாப் சிங். குதிரையேற்றத்திலும் போலோவிலும் பெயர்பெற்ற அவரும் அந்நாட்டு வீரர்களும் நாள்தோறும் மாலையில் அவ்வணியினருடன் ஆடிப் பயிற்சி அளித்தனர். பாலைநிலக் காற்றில் செம்புழுதி மேகம்போல் எழும். அதன் நடுவிலிருந்து தலைப்பாகை அணிந்த வீரர்கள் திடீரெனப் பாய்ந்து வெளிப்படுவர். பந்து எங்கிருந்தோ சீறி வரும். அதிலும் ஆடப் பழகினர் தென்னாட்டிலிருந்து சென்றோர்.

போட்டி தொடங்க நான்கே நாட்கள் இருந்தன. ஜோத்பூரில் ஓரிரவு சர்ச்சில் கற்படிகளில் வழுக்கி விழுந்தார். பழைய தோள் மீண்டும் பிசகியது. எலும்பைப் பொருத்திவிட்டனராயினும் தசைநார்கள் நலிந்தன. வலக்கையால் பந்தை ஓங்கி அடிக்கப் பல வாரங்கள் ஆகும் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. அணியினருடன் மாற்று ஆட்டக்காரர் ஒருவரும் வந்திருந்தார், நல்ல திறமையுடையவர். "என்னை நீக்கிவிட்டு அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று சர்ச்சில் தாமே வேண்டிக்கொண்டார்.

இங்குதான் அவ்வணியின் அறிவு வெளிப்பட்டது. தோழர்கள் ஒரு நாள் முழுதும் ஆராய்ந்தனர். ஒருபுறம், உடல்நலமுள்ள, நன்கு அடிக்கக்கூடிய ஒருவர். மறுபுறம், மட்டையை வெறுமனே பிடித்துக்கொள்ள மட்டுமே இயன்ற ஒருவர். எண்ணிக்கையளவில் பார்த்தால் முடிவு எளிது. ஆனால், அவர்கள் ஆண்டுக்கணக்கில் ஒன்றாகப் பயின்றவர்கள். ஒருவர் எப்போது திரும்புவார், எங்கே பந்தை அனுப்புவார் என்பதைச் சொல்லாமலே மற்றவர் அறிவர். அவ்வறிவை நான்கு நாட்களில் புதியவருக்கு ஊட்டல் இயலாது. சர்ச்சில் பந்தை அடிக்கவே இல்லையெனினும், தம் இடத்தை அறிந்து ஆடுவதே அணிக்கு மிகுந்த நன்மை தரும் என்று தலைவர் அறிவித்தார்.

அக்காலத்தில், பின்னாளில் நீக்கப்பட்ட ஒரு விதி வழங்கிவந்தது. முன்னிற்பவருக்கும் கோலுக்கும் இடையே எதிரணியினர் எவரும் இல்லாதபோது அவர் பந்தில் தலையிடலாகாது என்பது அது. ஆதலின், எதிரணியின் காவலர் குதிரையை அப்படியும் இப்படியுமாகத் திருப்பி, முன்னிற்பவரை அவ்விதியில் சிக்கவைக்க ஓயாது முயல்வார். முன்னிற்பவரோ அவரை விடாது பற்றி நின்று, அவர் ஆட்டத்தைக் குலைக்க முயல்வார். இவ்விருவருக்கும் நடப்பது ஓயாத இருவர் போர். இப்போரில் வெல்வதற்கு வேண்டுவது தோள்வலி அன்று. கூர்த்த கண்ணும், குதிரையை நடத்தும் திறமும், தன்னை மறக்கும் மனமுமே ஆகும்.

மருத்துவக் கட்டினால் முழங்கையை விலாவோடு இறுகப் பிணைத்துக்கொண்டு சர்ச்சில் களம் புகுந்தார். ரெஜினால்டு ஹோர், ஆல்பர்ட் சாவரி, ரெஜினால்டு பார்ன்ஸ் ஆகிய மூவரும் அவருடன் ஆடினர். மட்டையை அசைக்கும்போதெல்லாம் தோள் வலித்தது. முதல் ஆட்டங்களில் அணி வென்றது. இறுதி ஆட்டத்தில் நான்காம் டிராகூன் கார்டு என்னும் படைப்பிரிவு எதிர்ப்பட்டது. அதன் காவலர் ஹார்டிரஸ் லாயிடு பின்னாளில் அமெரிக்க நாட்டுக்கு எதிராக ஆடும் பேறு பெற்றவர். அவரை ஆட்டத்தில் புகவிடாது நெருக்கி நிற்பதே சர்ச்சிலின் பணி. அதனை அவர் செய்தார். கோல்வாயில் அருகே குதிரைகள் நெருங்கி நின்ற கணங்களில், கட்டுண்ட கையால் மெல்லத் தட்டியே கோலும் பெற்றார். இரு அணியும் மாறி மாறி முன்னேறின. இறுதி மணி ஒலித்தபோது நான்காம் ஹூஸார் அணி நான்கிற்கு மூன்று என்னும் கோல் கணக்கில் வென்றிருந்தது. ஒரே ஒரு கோல் வேறுபாடு! அடிக்கத் தெரிந்த புதியவரைச் சேர்ப்பதா, அணியை அறிந்த பழையவரை வைத்துக்கொள்வதா என்ற ஒரு நாள் ஆராய்ச்சியின் பயன் அந்த ஒரு கோலில் அடங்கியிருந்தது எனலாம்.

இவ்வெற்றியில் பங்குடையவர் நால்வர் மட்டும் அல்லர். முப்பது குதிரைகளுக்கும் வழிநெடுகத் தீனி வைத்து, நீர் காட்டி, உடம்பைத் தேய்த்து, ஒவ்வொரு சக்கருக்கும் உரிய குதிரையைச் சேணமிட்டு நிறுத்தியவர்கள் குதிரைக்காரர்களே. அவர்கள் இந்நாட்டு மக்கள். கோப்பையில் அவர்கள் பெயர் பொறிக்கப்படவில்லை. களைத்த குதிரை வந்து சேரும்போது ஆயத்தமான குதிரை ஒரு நொடி பிந்தினாலும் ஆட்டம் கைநழுவியிருக்கும். தம் இடம் தகுதியாலன்றி ஆட்சியால் குறிக்கப்பட்ட அக்காலத்திலும், தம் பணியில் அவர்கள் குறை வைக்கவில்லை.

அந்த நால்வரும் மீண்டும் ஒன்றாக ஆடவில்லை. ஆண்டு முடிவதற்குள் தென்னாப்பிரிக்காவில் போர் மூண்டது. அப்போரில் சாவரி உயிர் நீத்தார். பார்ன்ஸ் கடுங்காயம் அடைந்தார். சர்ச்சில் படையை விட்டு அரசியலில் புகுந்தார். 1930-இல் தம் இளமைக்கால வரலாற்றை எழுதியபோது, அந்த ஆட்டத்தை அவர் பெருமிதத்தோடு நினைவுகூர்ந்தார்.

ஆங்கிலேயர் இந்தியரிடம் கற்ற இவ்வாட்டத்தில், இந்தியர் ஆங்கிலேயரை அவர் நாட்டிலேயே வென்ற நாளும் வந்தது. 1933-ஆம் ஆண்டில் ஜெய்ப்பூர் மன்னர் இரண்டாம் சவாய் மான்சிங், ஹனுத் சிங், அபய் சிங், பிருதி சிங் ஆகிய நால்வர் இங்கிலாந்து சென்று, அவ்வாண்டின் முதன்மையான போட்டிகளில் தொடர்ந்து வாகை சூடினர். அவர்களும் தம் குதிரைகளைக் கப்பலில் கொண்டு சென்றவர்களே; அவர்களும் பல்லாண்டு ஒன்றாகப் பயின்றவர்களே. விடுதலைக்குப் பின், 1953-இல், மைசூர், குவாலியர் முதலிய முன்னாள் சமத்தானங்களின் குதிரைப்படைகளைச் சேர்த்து 61-ஆம் குதிரைப்படை அமைக்கப்பட்டது. போலோ ஆட்டத்தை நம் நாட்டில் வாழவைத்ததில் அப்படைக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆவடியிலோ அம்பத்தூரிலோ உள்ள பள்ளிச் சிறுவனுக்குக் குதிரை கிட்டாது. பன்னிரண்டு ஏக்கர் திடலும் கிட்டாது. ஆயினும், சடுகுடுக் கோட்டின் ஓரத்தில் நின்று வழியடைக்கும் இடம் அவனுக்கு உண்டு. கைப்பந்தாட்டத்தில் பிறர் ஓங்கி அடிப்பதற்காகப் பந்தை உயர்த்திக் கொடுக்கும் இடமும் உண்டு. அவ்விடத்தில் நிற்பவனைக் கூட்டம் காணாது போகலாம். உடன் ஆடுபவர் காண்பர். மீரட் நகரில் மூவர், கையொடிந்தவர்போல் நின்ற நான்காமவரை விட்டுவிடாமல் வைத்துக்கொண்டது அவ்வாறு கண்டதனாலேயே ஆகும்.