தண்ணி மீட்டர் போடப் போறியா? கொஞ்சம் நில்லு!

அசோசியேஷன் செகரட்டரி வேலையை உன் தலையில கட்டிட்டாங்க. லாரித் தண்ணி பில்லை எல்லா வீட்டுக்கும் சமமாப் பிரிச்சா, தனியா இருக்கற மூணாவது மாடி மாமி சண்டைக்கு வராங்க. நீயும் உடனே, எந்தக் கம்பெனி மீட்டர் நல்லதுன்னு போன்ல தேட ஆரம்பிச்சிருப்பே. அதை அப்புறம் பார்க்கலாம்மா. மாட்டற இடம் தப்பாப் போச்சுன்னா எவ்வளவு விலை கொடுத்து வாங்கின மீட்டரும் பொய்தான் சொல்லும்.

1. முதல்ல லைன்களை எண்ணு. சென்னையில பழைய ஃபிளாட்டுகள்ல வீட்டுக்கு ஒரே லைன் வராது. மொட்டைமாடி டேங்க்ல இருந்து கிச்சனுக்கு ஒண்ணு, ஒவ்வொரு பாத்ரூமுக்கும் ஒண்ணுன்னு ஷாஃப்ட் வழியா தனித்தனியா இறங்கும். மூணு லைன் இருந்தா மூணு மீட்டர். வீட்டுக்கு ஒண்ணுன்னு பட்ஜெட் பாஸ் பண்ணிட்டு அப்புறம் கையைப் பிசையாதே.

2. மீட்டருக்குள்ள தண்ணி குழாய் நிறைய ஓடணும். செங்குத்தா இறங்கற பைப்புல மாட்டாதே, காத்தும் தண்ணியும் கலந்து வரும். ஷாஃப்ட்ல இருந்து வீட்டுக்குள்ள திரும்பற படுக்கை பைப்தான் சரி. அதுலயும் மேடான இடத்துல காத்து தங்கிடும், தாழ்வான இடமாப் பாரு. டேங்க் காலியாகி மறுபடி நிரம்பும்போது பைப்புல இருக்கற காத்து மீட்டரைச் சுத்திவிட்டுடும். வராத தண்ணிக்கு யார் காசு கொடுப்பா? டேங்க் வறளாம பார்த்துக்கோ.

3. எல்போவை ஒட்டி மாட்டவே கூடாது. வளைவு தாண்டின உடனே தண்ணி சுழிச்சுக்கிட்டு வரும், அளவு தப்பும். மீட்டருக்கு முன்னாடி குழாய் அகலத்தைப் போல பத்து மடங்கு, பின்னாடி அஞ்சு மடங்கு நேர் பைப் விடு. 15 மி.மீ. பைப்புன்னா 15 செ.மீ., ஏழரை செ.மீ., அவ்வளவுதான். "இடமில்லை மேடம்"னு பிளம்பர் சொல்வார். அப்படி நிஜமாவே இடமில்லைன்னா, விவரத்தாள்ல யு0, டி0ன்னு போட்ட மீட்டரா வாங்கு. அதுக்கு நேர் பைப் தேவையில்லை. தண்ணி வேகத்தைக் குறைக்கற வால்வு வேணும்னா மீட்டருக்கு அப்புறம் வை. முன்னாடி இருக்கற வால்வு எப்பவும் முழுசாத் திறந்திருக்கணும்.

4. லைனைக் கழுவிவிடாம மீட்டரை மாட்ட விடாதே. இதுலதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. சி.பி.வி.சி. பைப்பை ரம்பத்தால அறுத்தா உள்ள தூள் தங்கும். டெஃப்லான் டேப்பும் நூல்நூலாப் பிரிஞ்சு வரும். ரெண்டும் சேர்ந்து மீட்டர் வாய்ல இருக்கற சின்ன வலையில பஞ்சு மாதிரி அடைச்சுக்கும். அப்புறம் "மீட்டர் போட்டதுல இருந்து ஷவர்ல தண்ணி வரல"ன்னு உனக்குத்தான் போன் வரும். மீட்டர் இடத்துல ஒரு துண்டு பைப்பை வச்சு, ஒரு பக்கெட் தண்ணி சுத்தமா வர்ற வரைக்கும் ஓட விடு. போர் தண்ணின்னா முன்னாடி தனியா ஒரு ஸ்ட்ரெய்னரும் போட்டுடு. ரெண்டு பக்கமும் யூனியன், அதாவது கழட்டி மாட்டற இணைப்பு, கேளு. கழட்டித் துடைக்க பைப்பை அறுக்க வேண்டாம்.

5. அம்புக்குறி தண்ணி போற பக்கம், முகப்பு மேல் பார்த்து. சொல்லணுமான்னு கேக்காதே, சொல்லணும்.

6. மேல்மாடி வீட்டுக்கு யோசிச்சு வாங்கு. பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு பார் அழுத்தம். டேங்க் மூணு மீட்டர் மேல இருந்தா கிடைக்கறது 0.3 பார்தான். சக்கரம் சுத்தற மீட்டர் அதுலயும் கொஞ்சம் பிடுங்கிக்கும். அங்க மட்டும் அல்ட்ராசோனிக் போடறது நல்லது. உள்ள சுத்தறதுக்கு எதுவும் இல்லை.

7. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பாரு. மீட்டர் வழியா வர்ற தண்ணியைக் கேன்ல பிடி; கேன்ல போட்டிருக்கற கோட்டை நம்பாதே, எடை போடு. ஒரு லிட்டர் ஒரு கிலோ. 100 லிட்டர் பிடிச்சா மீட்டர்ல 98-க்கும் 102-க்கும் நடுவுல காட்டணும். கறுப்பு எண் கன மீட்டர், அதாவது ஆயிரம் லிட்டர்; சிவப்பு எண் லிட்டர் கணக்கு. இதைக் குழப்பிக்கிட்டு பில் போட்டா அடுத்த மீட்டிங்ல உன்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க.

8. முதல் நாள் ரீடிங்கை, மீட்டர் நம்பரும் தெரியற மாதிரி போட்டோ எடுத்து குரூப்ல போட்டுடு. அன்னிக்கே எல்லாக் குழாயையும் மூடச் சொல்லி, முகப்புல இருக்கற குட்டி நட்சத்திரத்தைப் பாரு. அப்பவும் அது சுத்திக்கிட்டே இருந்தா மீட்டர்காரரைத் திட்டாதே. டாய்லெட் ஃபிளஷ் டேங்க்ல போய்ப் பாரு, பெரும்பாலும் அங்கதான் ஒழுகும்.