ஆகாயத் தொழிலும் அத்தாட்சிப் பத்திரமும்

ஒரு பொருளின் தரத்தை அறிதற்கு உலகோர் கைக்கொள்ளும் வழிகள் இரண்டு. கண்ணாற் கண்டும் கையால் தொட்டும் தாமே அறிதல் ஒன்று. அறிந்தார் கூறும் சொல்லை நம்பி அறிதல் மற்றொன்று. சந்தையிலே தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகின்றோம். விமானத்தின் இறக்கையைப் பிணித்திருக்கும் ஆணியை அவ்வாறு தட்டிப் பார்த்தல் நமக்கு இயலுமோ? ஆகாய விமானம், ஏவூர்தி, பாதுகாப்புத் தளவாடம் என்பவற்றை ஆக்கும் தொழிலிலே இரண்டாம் வழியே பெரிதும் வேண்டப்படுகின்றது. அவ்வழி எவ்வாறு அமைந்துள்ளது என்பதையும், அதன் உயிர்நிலை யாது என்பதையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஓர் உலோகத்துண்டின் முழு வலிமையை நேரே அறியவேண்டின் அதனை இழுத்து முறித்தே பார்த்தல் வேண்டும். முறித்த துண்டை விமானத்திற் பூட்டல் ஆகாது. பூட்டிய துண்டோ முறித்துப் பார்க்கப்பட்டதன்று. ஆதலின், ஒரு தொகுதியிலிருந்து மாதிரித் துண்டுகளை எடுத்துச் சோதித்து, அம்முடிவைத் தொகுதி முழுவதற்கும் உரியதாகக் கொள்வர். அம்முடிவைத் தாங்கி உலோகத்தோடு உடன்செல்வதே அத்தாட்சிப் பத்திரம். தொகுதியின் இலக்கம், கலப்புலோகத்தின் வகை, இழுவை வலிமை, பொறுப்பாளரின் ஒப்பம் முதலியன அதன்கண் காணப்படும்.

இத்துறையில் அரசாங்கங்கள் நெடுங்காலமாகவே கருத்துச் செலுத்தி வந்துள்ளன. பிரித்தானிய அரசாங்கம் விமானச் சோதனைக்கெனத் தனிப் பகுதியொன்றை 1913 ஆம் ஆண்டிலேயே நிறுவியது. ஐக்கிய அமெரிக்காவின் பாதுகாப்புத் திணைக்களம் 1959 இல் ‘மில்-கியூ-9858’ என்னும் நியமத்தை வெளியிட்டது. முடிந்த பொருளை மட்டும் சோதித்தல் போதாது, அதனை ஆக்கும் முறை முழுவதும் ஒழுங்குபெற்றுப் பதிவுசெய்யப்படல் வேண்டும் என்பதே அதன் கொள்கை. அக்கொள்கை பின்னர்ப் பொதுத் தொழில்களுக்கும் பரவி, 1987 இல் சர்வதேச நியம நிறுவனத்தின் 9000 வரிசையாக உருப்பெற்றது. அதனை அடிப்படையாகக் கொண்டு, ஆகாயத் தொழிலுக்கே உரிய விதிகளையும் சேர்த்து 1999 இல் வெளிவந்தது ‘ஏ.எஸ். 9100’ என்னும் நியமம்.

இந்நியமங்கள் உற்பத்தியாளரிடம் வேண்டுவன பல. அவற்றுட் சிறந்தன நான்கு. முதலாவது, அளவு கருவிகள் குறித்த காலந்தோறும் நியம அளவைகளோடு ஒப்பிடப்படல். இரண்டாவது, விமானத்திலுள்ள உறுப்பொன்றைச் சுட்டினால், அது எத்தொகுதி உலோகத்தில், எவ்வாலையில் ஆக்கப்பட்டதென்று பின்னோக்கிச் சென்று அறியக்கூடியதாயிருத்தல். மூன்றாவது, தேறாத பொருளை வேறாக ஒதுக்கிக் குறியிடுதல். நான்காவது, புறத்தார் வந்து கணக்காய்வு செய்தல். இவை யாவும் பதிவுகளின் துணைகொண்டே நடைபெறுவன. பதிவு பொய்யாயின் இவை என்னாகும்? இதற்கு விடையாக அண்மைக்கால நிகழ்ச்சியொன்று உள்ளது.

வளிமண்டலத்துக் காபனீரொட்சைட்டை அளத்தற்பொருட்டு நாசா நிறுவனம் ஒரு செய்மதியை 2009 பெப்ரவரி 24 ஆம் நாள் ‘டோரஸ் எக்ஸ்.எல்.’ என்னும் ஏவூர்தியில் ஏற்றி அனுப்பிற்று. செய்மதியைப் பொதிந்திருக்கும் முனைக்கவசம் உரிய வேளையில் பிரிந்து விழுதல் வேண்டும், விழவில்லை. கவசத்தின் பாரத்தையும் சுமந்த ஏவூர்தி வேண்டிய வேகத்தை அடையாமையால், செய்மதி கடலில் வீழ்ந்தது. இரண்டாண்டு கழித்து, 2011 மார்ச்சு 4 ஆம் நாள், ‘குளோரி’ என்னும் செய்மதிக்கும் அவ்வாறே நேர்ந்தது. இவ்விரண்டாலும் நேர்ந்த நட்டம் 700 மில்லியன் டொலரினும் மிக்கது.

கவசத்தைப் பிணித்திருந்த மூட்டு அலுமினியத்தால் ஆயது. வெடிமருந்தின் விசையால் ஒழுங்காக முறிந்து வழிவிடுமாறு அமைக்கப்பட்டது. அது முற்றாக முறியவில்லையென நாசாவின் ஆய்வு கண்டது. அவ்வலுமினியத்தை வழங்கியது ஒறிகன் மாநிலத்துப் போட்லாந்து நகரிலிருந்த ‘சாபா புறொபைல்ஸ்’ என்னும் நிறுவனம். அங்கே 1996 முதல் 2015 வரை, பத்தொன்பது ஆண்டுகளாக, இழுவைச் சோதனையில் தவறிய எண்கள் தேறிய எண்களாக மாற்றி எழுதப்பட்டன. சோதனைப் பொறி விதிக்கு மாறாக விரைவாக ஓட்டப்பட்டது. மாதிரித் துண்டுகள் விதிக்கு மாறாக வெட்டப்பட்டன. இவ்வாறு ஆயிரக்கணக்கான பொய்ப் பத்திரங்கள் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளருக்குச் சென்றன. உலோகத்தின் குறையை மறைத்தலும், உற்பத்தியின் அளவுக்கேற்ப வழங்கிய மிகையூதியத்தைப் பெறுதலும் இதற்குக் காரணங்களாயின. சோதனைக்கூட மேற்பார்வையாளர் ஒருவர் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். நிறுவனமும் அதன் தாய் நிறுவனமும் 46 மில்லியன் டொலர் செலுத்த 2019 இல் உடன்பட்டன.

இங்கே குறைவுபட்டது விதியன்று, பத்திரமும் அன்று. இலக்கமும் ஒப்பமும் உரிய இடத்திலேயே இருந்தன. ஒரு தாளை மற்றொரு தாளோடு ஒப்பிடும் கணக்காய்வாளருக்கு முதல் தாளிலுள்ள பொய் எளிதிற் புலப்படுவதில்லை. ஆகவே, விதி செய்வோர் கருதவேண்டியன சில உள. சோதிப்பவரின் ஊதியம் உற்பத்தியின் அளவோடு பிணைக்கப்படலாகாது. பொறி காட்டும் அளவு மனிதர் கைபடாது நேரே பதிவாதல் நன்று. வாங்குவோர் இடையிடையே வேற்று ஆய்வுகூடத்தில் மறுசோதனை செய்வித்தல் வேண்டும். இவையெல்லாம் பொய்யை அரிதாக்கும். முற்றாக ஒழித்தல் இவற்றால் ஆகாது. ஈற்றில் எஞ்சுவது ஒப்பமிடுவோன் நெஞ்சமே.

இனி, நம் மாணாக்கருக்கு இதனாற் பெறப்படுவது யாதெனின், ஊசல் கொண்டு புவியீர்ப்பினாலான ஆர்முடுகலைக் காணும் பரிசோதனையை நினைத்தல் போதும். விடை 981 ஐ அடுத்து வரவேண்டுமென்பது முன்னரே தெரியும். 940 என்று வந்துவிட்டால், அலைவு நேரத்தைச் சற்றே திருத்தி எழுதும் ஆசை எழுதல் இயல்பு. அதனால் எந்தச் செய்மதியும் வீழ்ந்துவிடாது, ஆசிரியரும் அறியார். எனினும் போட்லாந்தில் எழுதிய கைக்கும் இக்கைக்கும் உள்ள வேறுபாடு பயிற்சிக் காலத்தின் நீளமேயன்றிப் பிறிதில்லை. 940 என்றே எழுதி, நூலின் நீளத்தை மீண்டும் அளந்து, அலைவுகளை மீண்டும் எண்ணி, பிழை நேர்ந்த இடத்தைத் தேடும் மாணவனே விஞ்ஞானத்தைக் கற்றவனாவான். ஆசிரியன்மாரும் அத்தகைய குறிப்பேட்டுக்குப் புள்ளி குறைத்தல் கூடாது. “இத்துண்டு தேறவில்லை” என்று அஞ்சாது எழுதவல்ல பொறியியலாளர் பழக்கப்படுவது அந்த மேசையிலேதான்.