சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டியை எடுக்கலாமா?

இராமநாதபுரம் மாவட்டத்தில் மாசி பிறந்ததும் முண்டு மிளகாய் எடுப்பு மும்முரமாகி விடும். களத்தில் காய்ந்த வற்றலை மூட்டை பிடித்து இராமநாதபுரத்துக்கும் பரமக்குடிக்கும் கொண்டு சேர்ப்பது இப்போது பெரும்பாலும் ‘குட்டியானை’ என்று ஊரார் அழைக்கும் சிறு சரக்கு வண்டிதான். தங்கச்சிமடத்து மல்லிகை நாற்றும், உச்சிப்புளித் தேங்காயும், மண்டபத்து மீனும் அதே வண்டியில்தான் போகின்றன. ஒருவர் வாங்கிய வண்டியைப் பத்துப் பேர் வாடகைக்கு எடுப்பதும் உண்டு. அப்படிக் கை மாறி ஓடும் வண்டியில், ஓட்டுநருக்கு எதிரேயுள்ள மீட்டர் பலகையில் வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கு ஒரு நாள் எரியத் தொடங்கும். “அது சும்மா எரியும், சென்சார் கோளாறு” என்று சொல்லி ஓட்டுகிறவர்களே அதிகம். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். எப்போது உண்மை, எப்போது உயிருக்கு ஆபத்து என்பதை வீட்டு வாசலிலேயே பெருமளவுக்குக் கண்டுபிடித்து விடலாம்.

முதலில் விளக்கு நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாவியைத் திருப்பி, என்ஜினை ஓட விடாமல் நிறுத்தினால் எச்சரிக்கை விளக்குகள் எரிய வேண்டும். என்ஜின் ஓடத் தொடங்கி, ஹேண்ட் பிரேக்கை இறக்கியதும் அவை அணைந்து விட வேண்டும். சாவி போட்டும் எரியாத விளக்கு, நல்ல செய்தி அல்ல. பல்பு போயிருக்கலாம், ஃபியூஸ் போயிருக்கலாம், தொல்லை பொறுக்காமல் யாரேனும் ஒயரைக் கழற்றி விட்டிருக்கலாம். பழைய வண்டி வாங்குகிறவர்கள் விலை பேசுமுன் செய்ய வேண்டிய முதல் சோதனை இதுவே.

விளக்கு அணையாமல் நின்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது ஹேண்ட் பிரேக். கம்பி ஒரு பல் மாட்டியபடி நின்றாலே விளக்கு எரியும். அதன் அடியில் ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறது. உப்புக் காற்றும் மணலும் சேர்ந்து அது பிடித்துக் கொள்வது கரையோர வண்டிகளில் சாதாரணம். கம்பியை நன்றாக மேலே இழுத்து முழுக்க இறக்க வேண்டும். இரண்டு மூன்று முறை செய்தும் அணையாவிட்டால், சுவிட்சின் ஒயரைக் கழற்றிப் பார்க்கலாம். பெரும்பாலான வண்டிகளில், கழற்றியதும் விளக்கு அணைந்தால் கோளாறு சுவிட்சில்தான். அணையாவிட்டால் விஷயம் வேறு.

பிரேக் ஆயில் மட்டம்

பிரேக் ஆயில் டப்பா வெள்ளை நிறப் பிளாஸ்டிக்கில் இருக்கும். பக்கவாட்டில் மேல் கோடு, கீழ்க் கோடு என இரண்டு குறிகள் உண்டு. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, மூடியைத் திறக்காமல் வெளியிலிருந்தே பார்க்க வேண்டும். உள்ளே ஒரு மிதவை இருக்கிறது. மட்டம் இறங்கும்போது மிதவையும் இறங்கி விளக்கை எரிய வைக்கிறது. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் தீர்ந்தால் மணி அடிக்கும் கருவி போன்றதே இது.

ஓர் அடையாளத்தை இராமேசுவரம் போய் வரும் ஓட்டுநர்கள் அறிந்து வைத்துக் கொள்ள வேண்டும். 1988-ல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலம், படகுகள் அடியில் போவதற்காக நடுவில் உயர்த்திக் கட்டப்பட்டது. அதில் ஏறும்போது சிவப்பு விளக்கு மினுக்கி, சமதளத்துக்கு வந்ததும் அணைந்தால் டப்பாவில் ஆயில் கீழ்க் கோட்டை நெருங்கி விட்டது என்று கொள்ளலாம். வளைவில் திரும்பும்போதும், சட்டென்று பிரேக் போடும்போதும் மினுக்குவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். விளக்கு அணைந்து விட்டதே என்று விட்டு விடக் கூடாது.

மட்டம் குறைந்திருந்தால் உடனே ஊற்றி நிரப்பி விடுவது வழக்கம். அது பாதி வேலைதான். பிரேக் ஆயில் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. அது குறைவதற்கு இரண்டே காரணங்கள். ஒன்று, முன் சக்கர பேடுகள் தேயத் தேய ஆயில் கீழே இறங்கி அந்த இடத்தை நிரப்புகிறது. இது பல மாதங்களில் மெள்ள நடப்பது. இதற்கு மருந்து ஆயில் அல்ல, புதுப் பேடு. மற்றொன்று கசிவு. நேற்று நிரப்பியது இன்று குறைந்தால் கசிவு என்பதில் ஐயமே வேண்டாம்.

கசிவைத் தேட அடியில் புகுந்து பார்க்குமுன் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது. இரவு வண்டி நின்ற இடத்தில் தரையில் ஈரம் உள்ளதா, நான்கு சக்கரங்களின் உட்பக்கத்திலும் ஈரக் கோடு வழிந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். பின் சக்கர டிரம்மின் அடியில் நனைந்த புழுதி ஒட்டியிருந்தால் உள்ளே வீல் சிலிண்டரின் ரப்பர் கப் போய் விட்டது என்று பொருள். அந்த ஆயில் லைனிங்கையும் நனைத்துப் பாழாக்கி விடும். மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டருடன் சேரும் இடத்தையும் பார்க்க வேண்டும். அங்கே கசிந்தால் ஆயில் பூஸ்டருக்குள் போய் விடுவதால் தரையில் ஒரு சொட்டும் தெரியாது.

உப்புக் காற்றின் வேலை

மதுரைப் பக்கத்து வண்டிக்கும் மண்டபத்து வண்டிக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பின் சக்கரம் வரை ஆயிலைக் கொண்டு போவது சேஸை ஒட்டிச் செல்லும் மெல்லிய எஃகுப் பைப். அதைத் துரு தின்று ஊசித் துளை விழுந்தால், அழுத்தி மிதிக்கும் அந்த ஒரு நொடியில் பைப் பிளந்து கொள்ளும். அப்படி மிதிப்பது பெரும்பாலும் ஆபத்து நேரத்தில்தானே!

இக்கரையின் துருப் பிடிக்கும் வேகம் அறிவியலாளர்களும் அக்கறை காட்டிய ஒன்று. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் உலோகங்களைக் கடற்காற்றில் வைத்து அவை அரிக்கப்படும் விதத்தை ஆராய்ந்திருக்கிறது. 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தின் பராமரிப்பு என்பதே துருவோடு நடந்த போராட்டம்தான். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் தனி வகைப் பூச்சும் பயன்பட்டதற்குக் காரணமும் இக்காற்றே. பாலத்துக்கே இந்தப் பாடு என்றால் விரல் பருமன்கூட இல்லாத பைப் எம்மாத்திரம்?

துரு முதலில் தாக்குவது பைப்பைச் சேஸில் இறுக்கியிருக்கும் கிளிப்புகளின் அடியில். அங்கே ஈர மணல் தங்கிக் காயாமல் கிடக்கும். பின் சக்கரம் சேற்றை வாரி அடிக்கும் இடமும் அப்படியே. கம்பித் தூரிகையால் மெதுவாகத் தேய்த்துப் பார்க்கலாம். மேலோடு செம்மை படர்ந்திருந்தால் துடைத்துத் துருத்தடுப்புப் பூச்சுப் பூசினால் போதும். செதில் செதிலாகப் பெயர்ந்தாலோ, குழி விழுந்திருந்தாலோ பைப்பை மாற்றுவதே முறை. சாதாரணச் செம்புக் குழாயை வளைத்துப் போடுவது கூடாது. அது அதிர்வில் வெடிப்பு விடும். கசிகிற சக்கரத்தின் பைப்பைத் தட்டி அடைத்து விட்டு “மூன்று சக்கரம் பிடிக்கிறதே” என்று ஓட்டும் கெட்ட பழக்கமும் உண்டு. பிரேக் போட்டதும் அந்த வண்டி ஒரு பக்கமாக இழுத்து, எதிரே வருகிறவர் மேல் போய் விழும்.

பழைய என்ஜின் ஆயிலை அடியெல்லாம் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். இரும்புச் சட்டத்துக்கு அது ஓரளவு காப்புத்தான். ஆனால் சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸில் பட்டால் ரப்பர் ஊறிக் கெட்டு விடும். லைனிங்கில் பட்டால் பிரேக்கே பிடிக்காது.

மீன் ஏற்றும் வண்டிகளுக்குக் கேடு இரு மடங்கு. ஐஸ் உருகி மீனின் உப்புநீரோடு சேர்ந்து பலகை இடுக்கு வழியே பைப்பின் மேலேயே சொட்டிக் கொண்டிருக்கும். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் அடியைக் கழுவ வேண்டும். எந்தத் தண்ணீரில் கழுவுவது என்பதே கேள்வி. கரையோரத்துப் போர்த் தண்ணீர் பல ஊர்களில் உவர். அதில் கழுவுவது உப்பை உப்பால் துடைப்பது போன்றது. குடிதண்ணீருக்கே குடத்தோடு அலையும் ஊரில் வண்டி கழுவ நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பதிலும் நியாயம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் கூரையிலிருந்து விழும் மழைநீரைப் பிடித்து வைத்தால் அடிப்பகுதிக்கு மட்டும் இரண்டு குடம் போதும்.

மிதித்துப் பார்க்கும் சோதனைகள்

பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று அறிந்தால் இச்சோதனைகள் எளிது. திரவத்தை அழுத்தினால் அது சுருங்காது. எனவே காலின் அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போகிறது. காற்றோ சுருங்கும். மோட்டார் ஏர் பிடித்தால் தண்ணீர் எடுக்காதது போல, பைப்பில் காற்றுப் புகுந்தால் பெடல் பஞ்சு போல அமுங்கும், பிரேக் பிடிக்காது.

என்ஜினை நிறுத்தி விட்டு ஐந்தாறு முறை பெடலை மிதிக்க வேண்டும். பெடல் கெட்டியாகி விடும். அப்படியே அழுத்திப் பிடித்து அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். பெடல் அசையாமல் நின்றால் நலம். மெள்ள மெள்ளக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது. வெளியில் ஈரமே இல்லாமல், டப்பாவிலும் மட்டம் குறையாமல் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்து விட்டது. இனி, பெடலைக் காலால் அழுத்தியபடியே என்ஜினை ஓட்ட வேண்டும். கால் சற்றுக் கீழே இறங்குவதை உணர்ந்தால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காமல் கல் போல நின்றால் பூஸ்டரையும், அதற்குப் போகும் காற்று ஹோஸையும், வேக்குவம் பம்பையும் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

ஒரே மிதியில் பிடிக்காமல் இரண்டாம் மிதியில் உயர்ந்து பிடித்தால் பின் டிரம்மில் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கலாம். ‘அட்ஜஸ்ட்’ செய்தால் சரியாகும். ஆனால் பெடல் திடீரென்று வழக்கத்தைவிட ஆழமாகப் போய், சிவப்பு விளக்கும் எரிந்தால் அது வேறு கதை. இக்கால வண்டிகளில் பிரேக் இரண்டு தனிப் பகுதிகளாக அமைந்திருக்கிறது. ஒன்று உடைந்தாலும் மற்றது நிறுத்தும். அப்போது ஒரு பகுதி போய் விட்டது, மிச்சமிருப்பது பாதிதான். மூட்டை ஏற்றிய வண்டியை அந்த நிலையில் ஓர் அடி கூட எடுக்கக் கூடாது. சரக்கை வேறு வண்டிக்கு மாற்றும் கூலியைப் பார்த்துத் தயங்குகிறவர்கள் உண்டு. சந்தை நாள் தவறினால் விலை போய் விடுமே என்ற கவலையும் புரிகிறது. பாரம் ஏற ஏற வண்டி நிற்க எடுத்துக் கொள்ளும் தூரமும் கூடும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியபின் ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகில் கையைக் கொண்டு போய்ப் பார்ப்பதும் நல்ல சோதனை. தொடக் கூடாது, சுடும். ஒரு சக்கரம் மட்டும் அனலாக அடித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக் கொண்டிருக்கிறது. பல நாள் ஓடாமல் ஹேண்ட் பிரேக் போட்டே நிறுத்திய வண்டியில், உப்பு ஈரத்தில் ஷூ டிரம்மோடு ஒட்டிக் கொள்ளும். நெடுநாள் நிறுத்துவதானால் சமதளத்தில் கியரில் விட்டுக் கட்டை கொடுப்பதே மேல்.

மஞ்சள் விளக்கும் டிராக்டரும்

‘ஏ.பி.எஸ்.’ என்று எழுதிய மஞ்சள் விளக்கு வேறு. அது தனியாக எரிந்தால் சாதாரண பிரேக் பிடிக்கும். ஆனால் அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக் கொண்டு வழுக்கலாம். மெதுவாக ஓட்டிப் பட்டறைக்குப் போகலாம். சக்கரத்தருகே உள்ள சென்சாரில் சேறோ, துருத் தூளோ ஒட்டியிருப்பதும், அதன் ஒயர் அறுந்திருப்பதும் அடிக்கடி காணும் காரணங்கள். மஞ்சளும் சிவப்பும் சேர்ந்து எரிந்தால் ஓட்டக் கூடாது. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது மோட்டார் சைக்கிள்களில் ஏ.பி.எஸ். கட்டாயம். அவற்றில் சாவி போட்டதும் அவ்விளக்கு எரிந்து, வண்டி சற்று உருண்ட பிறகே அணையும். அது கோளாறு அல்ல.

டிராக்டரில் பல மாடல்களுக்கு இத்தகைய விளக்கே கிடையாது. அங்கே கால்தான் விளக்கு. வயலில் தனித்தனியே மிதிக்கும் இரண்டு பிரேக் பெடல்களையும் சாலைக்கு வருமுன் பூட்டுப் போட்டு இணைக்க வேண்டும். இரண்டிலும் மிதி ஆழம் ஒன்றாக இல்லாவிட்டால் டிரெய்லரோடு வண்டி குறுக்கே திரும்பி விடும்.

ஆயில் வாங்கும்போது

பிரேக் ஆயில் என்று சொன்னாலும் அது எண்ணெய் அல்ல. டப்பா மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதியிருக்கும். அதையே வாங்க வேண்டும். என்ஜின் ஆயிலோ, ஹைட்ராலிக் ஆயிலோ ஒரு கரண்டி கலந்தாலும் ரப்பர் எல்லாம் ஊதி, முழுவதையும் மாற்ற வேண்டி வரும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புது டாட் 3 சுமார் 205 டிகிரி வெப்பத்தில்தான் கொதிக்கும். ஈரம் ஏறிய பின் 140 டிகிரிக்கே கொதித்து ஆவிக் குமிழாகி விடலாம். சமவெளியில் இது தெரியாது. பாரத்தோடு குமுளி மலையிலோ கொடைக்கானல் பாதையிலோ இறங்கும்போது பெடல் திடீரென்று தரை தட்டும். எனவே இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை முழுவதையும் மாற்றி ஏர் எடுப்பது நல்லது. ஆயில் காப்பிக் கஷாயம் போலக் கறுத்திருந்தால் அதற்கும் காத்திருக்க வேண்டாம்.

சிறிய டப்பாவாக வாங்குவதே சிக்கனம். திறந்த டப்பாவில் மிஞ்சியதை அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைப்பது கரையோர ஈரக் காற்றில் பயன்படாது. ஊற்றும்போது வண்டியின் பெயிண்டில் பட்டால் உரிந்து விடும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கண்ணில் தெறித்தாலும் நல்ல தண்ணீரால் நெடுநேரம் கழுவி மருத்துவரிடம் போக வேண்டும். டிரம்மைத் திறக்கும்போது உள்ளிருக்கும் தூளை வாயால் ஊதக் கூடாது. பழைய லைனிங்குகளில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்தெடுத்து, அந்தத் துணியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்த வேண்டும்.