தண்ணீர் குடிக்கும் வண்டி

சேலத்திலிருந்து பாரத்துடன் வடக்கே புறப்படும் எந்தக் கனரக வண்டிக்கும் முதல் பரீட்சை தொப்பூர் மலைப்பாதையில்தான் நடக்கிறது. கீழ்க் கியரில், முழு விசையோடு, நத்தை வேகத்தில் அது ஏறும்போது எதிர்க்காற்றின் உதவி ரேடியேட்டருக்குக் கிடைப்பதில்லை; எஞ்சினில் பிறக்கும் உஷ்ணத்தை விசிறியும் கூலன்டும் மட்டுமே சேர்ந்து வெளியேற்றியாக வேண்டும். சமவெளியில் மாதக்கணக்காக ஒருவர் கண்ணிலும் படாமல் இருந்த சிறு ஒழுக்கு அந்த ஏற்றத்தில் அம்பலமாகி, வண்டியை ஓரங்கட்ட வைத்துவிடுகிறது. நாமக்கல்லில் டேங்கர்களோடும் டிரெய்லர்களோடும் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில், இந்த ஒழுக்கைக் கண்டுபிடிக்கும் வித்தையைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. எங்கே ஒழுகுகிறது என்று டார்ச் விளக்கோடு வண்டிக்கடியில் படுப்பதற்கு முன்னால், எப்போது ஒழுகுகிறது என்று டிரைவரிடம் நிதானமாக விசாரிப்பவனுக்குப் பாதி வேலை அப்போதே முடிந்துவிடுகிறது.

இரவு முழுவதும் நின்ற வண்டியின் கீழே விடியற்காலையில் ஈரம் தெரிந்து, ஓடத் தொடங்கியபின் அது நின்றுவிட்டால், முதலில் ஹோஸ்களின் கிளிப்புகளைச் சந்தேகிக்க வேண்டும். குளிர்ந்தவுடன் ரப்பரும் உலோகமும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் மூட்டில் இடைவெளி உண்டாகிறது, சூடேறியதும் அது தானாகவே அடைபடுகிறது. ஓடும்போது மட்டும் குறைந்து, நின்றபின் குறையாவிட்டால், ரேடியேட்டரில் ஊசித்துவாரம் இருக்கலாம். அழுத்தத்தில் பீறிடும் துளி சூட்டில் உடனே ஆவியாகிவிடுவதால் ஈரத்தைத் தேடுவதில் பிரயோஜனமில்லை, காய்ந்துபோன நிறக் கறையைத்தான் தேட வேண்டும். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துவாரம் உண்டு. உள்ளே இருக்கும் சீல் தேய்ந்துவிட்டது என்பதைத் தெரிவிப்பதற்காகவே வைக்கப்பட்ட துவாரம் அது. அதன் வழியே கூலன்ட் கோடாக இறங்கினால் பம்பை மாற்ற வேண்டுமே தவிர, எம்-சீல் வைத்து அதன் வாயை அடைப்பது, அழும் குழந்தையின் வாயைப் பொத்துவது போன்ற வைத்தியம்தான். அப்படி அடைத்த பம்புகளை நான் பார்த்திருக்கிறேன். பேரிங் நொறுங்கி, பெல்ட்டும் அறுந்துதான் அவை பட்டறைக்கு வந்து சேர்ந்தன.

சங்கடமானது, வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் மறையும் கூலன்ட். தெரிந்த ஓனர் ஒருவரின் டிரெய்லரை ஓட்டிவந்த இளைஞன் ஒருநாள் வந்து நின்றான்.

"அண்ணா, வண்டி தண்ணி குடிக்குதுங்க. சாயங்காலம் ரொப்பி வெச்சாக்கூட விடியறதுக்குள்ள கொறைஞ்சு போவுதுங்க. கீழ ஒரு சொட்டுக் கெடையாது."

"ஓடறப்போ டேங்க்ல குமிழி வருதா தம்பி?"

"வருதுங்கண்ணா. அதைப் பாத்துட்டுத்தான் ஹெட்டை இறக்கோணும்னு சொல்லிப்போட்டாங்க."

குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் என்பது எங்கள் தொழிலில் வேதவாக்கு. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால், இரவில் எஞ்சின் நின்றிருக்கையில் குறைகிறது என்ற விஷயம் எனக்கு உறுத்தலாக இருந்தது. கூலன்ட் டேங்க்கின் வாயில் பொருத்தி, எழும் வாயுவை நீலத் திரவத்தின் வழியே இழுக்கும் பரிசோதனைக் கருவி ஒன்று இப்போது கடைகளில் கிடைக்கிறது. எரிந்த புகை கலந்திருந்தால் அத்திரவம் நிறம் மாறிவிடும். அன்று அது நீலமாகவே நின்றது. ஆகவே குமிழியாக வந்தது புகையல்ல, வெறும் காற்று என்று அனுமானிக்க இடமிருந்தது. வண்டியில் அப்படிக் காற்றை அழுத்துகிற முக்கியமான இடம், பிரேக்குக்காகக் காற்றை நிரப்பும் ஏர் கம்ப்ரஸர். அதன் தலைப்பகுதியைக் குளிர்விப்பதும் இதே கூலன்ட்தான். ஏர் டேங்கின் அடியிலுள்ள வடிகால் வால்வைத் திறக்கச் சொன்னேன். வழக்கமாக வரும் எண்ணெய் கலந்த கலங்கல் நீருக்குப் பதிலாக, பச்சையும் வழவழப்புமாக ஒரு திரவம் கொட்டிற்று. அனுமானம் பிரத்தியட்சமாயிற்று. எஞ்சின் ஓடும்போது கம்ப்ரஸரின் காற்றழுத்தம் மிகுதியாதலால் காற்று கூலன்டுக்குள் புகுந்தது. நின்றபின் கூலன்ட் கம்ப்ரஸருக்குள் கசிந்து, காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஏர் டேங்குக்குத் தள்ளப்பட்டது. கம்ப்ரஸரின் சிறிய கேஸ்கட்டை மாற்றி, ஏர் டிரையரின் கார்ட்ரிட்ஜையும் புதிதாகப் போட்டு, டேங்குகளை நன்றாக வடித்ததோடு விவகாரம் தீர்ந்தது. எஞ்சினின் ஹெட்டை இறக்கியிருந்தால் வண்டி பல நாள் படுத்திருக்கும், ஒழுக்கும் அப்படியே இருந்திருக்கும். பிரேக் காற்றில் கூலன்ட் கலப்பது வால்வுகளுக்கு ஆகாது. தொப்பூர் இறக்கத்தில் பிரேக்கை நம்பி இறங்குகிறவர்களுக்கு அதன் அபாயத்தை விளக்க வேண்டியதில்லை.

உள்ளே மறையும் கூலன்டுக்கு வேறு வாசல்களும் உண்டு. எஞ்சினுக்குத் திரும்பும் புகையைக் குளிர்விக்கும் ஈஜிஆர் கூலர் உள்ள வண்டியில் அது வெடித்தால் புகைக்குழாயில் வெண்புகையும் இனிப்பு வாடையும் வரும். ஆயில் கூலர் பழுதானால், ஓடும்போது ஆயிலின் அழுத்தம் அதிகமாதலால் கூலன்ட் டேங்கில் பழுப்புநிறக் குழம்பு மிதக்கும். அதோடு ஆயில் கம்பியும் மோர் நிறத்தில் வந்தால், மேற்கொண்டு எஞ்சினை ஓட்டலாகாது.

ஒழுக்கைப் பார்க்கிறவர்கள் மிகவும் அலட்சியப்படுத்துவது கூலன்ட் டேங்க்கின் மூடியைத்தான். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் சாதாரணமாக 107 டிகிரி அளவில் கொதிக்கும். 15 பவுண்டு அழுத்தத்தைத் தாங்கும் மூடி அதே திரவத்தை 125 டிகிரிக்கு மேலும் கொதிக்கவிடாமல் வைத்திருக்கும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்து, ரப்பர் வெடித்துவிட்டால், வேறெங்கும் குற்றமில்லாத வண்டியும் ஏற்றத்தில் கொதித்து வழியும். அழுத்தச் சோதனைக்கான கைப்பம்பை, எஞ்சின் ஆறியிருக்கும்போது பொருத்தி, மூடியில் எழுதிய அழுத்தத்திற்கு ஏற்றி, கால் மணி நேரம் முள்ளைக் கவனிக்க வேண்டும். மூடியையும் தனியே அதே பம்பில் சோதிக்க வேண்டும். சூடாக இருக்கையில் மூடியைத் திறந்து முகம் வெந்த கிளீனர்களின் கதை எந்த லாரிப்பேட்டையிலும் கேட்கக்கூடியதுதான்.

மஞ்சள் தூள் விஷயத்தில் எனக்கும் பழைய டிரைவர்களுக்கும் கருத்து வேற்றுமை உண்டு. நள்ளிரவில், அத்துவானத்தில், ரேடியேட்டர் ஒழுகும்போது ஒரு பிடி மஞ்சள் தூளைப் போட்டு ஊர் சேர்ந்தவர்களின் சாமர்த்தியத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் துவாரத்தை அடைக்கும் தூள், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கத்தான் செய்யும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 வண்டிகளில் இத்தகைய நுண்ணிய வழிகள் மிகுதி. ஊர் சேர்ந்தவுடன் முழுவதையும் வடித்துக் கழுவிவிட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நம் பக்கத்து போர் தண்ணீரும் இதில் கூட்டுப்பங்காளியே. உப்புச்சுவை உள்ள அந்தத் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றினால் உள்ளே காறை படிந்து உஷ்ணம் வெளியேறாது. அதோடு, கூலன்டிலுள்ள காப்பு மருந்து இல்லாத வெறுந்தண்ணீரில், லைனரின் அதிர்வால் உண்டாகும் நுண்குமிழிகள் உடைந்து உடைந்து, அதன் சுவரையே துளைத்துவிடும். கூலன்டோடு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரையே கலக்க வேண்டும். வெவ்வேறு வகைக் கூலன்டுகளை ஒன்றாக்கக் கூடாது. நின்ற இடத்திலேயே மணிக்கணக்காக எஞ்சினை இரைய விடும் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்காரர்கள் ரேடியேட்டர் பராமரிப்பில் நம்மைவிடக் கவனமுள்ளவர்கள். கல்தூசி படிந்த ரேடியேட்டரை அவர்கள் அடிக்கடி ஊதித் துடைப்பதைப் பார்த்திருக்கிறேன். வடித்த கூலன்டைத் தரையில் விடலாகாது; அது இனிக்கும் விஷம், நாயோ கன்றோ நக்கினால் உயிருக்கே ஆபத்து.

பழுது நீக்கிக் கூலன்டை நிரப்புகையில் அவசரம் உதவாது. மெதுவாக ஊற்றி, காற்றை வெளிவிடும் திருகுகளைத் திறந்து, கேபின் ஹீட்டர் இருந்தால் அதையும் திறந்துவைத்து, தெர்மோஸ்டாட் திறக்கும் சூடுவரை எஞ்சினை ஓடவிட்டால், அடைபட்ட காற்று வெளியேறி மட்டம் சட்டென்று இறங்கும். அதை மீண்டும் ஒழுக்கு என்று எண்ணிப் பதற வேண்டாம். நன்றாக ஆறியபின் குறைந்ததை ஊற்றி, டேங்கின்மேல் ஒரு கோடு கிழித்து வைத்து, முதல் பாரத்தைத் தொப்பூருக்கு அனுப்பாமல் பரமத்தி வேலூர்ப் பக்கம் அனுப்பி, மறுநாள் காலை எஞ்சினைத் தொடுவதற்கு முன்னால் அந்தக் கோட்டைப் பார்ப்பது என் வழக்கம்.